வேலை வாங்கித் தராத சங்கத்தில் ஏன் சேர வேண்டும்?

மூன்று வருடமாகத் தனியாக லோகோ, புத்தக அட்டை, பாக்கேஜிங் என்று செய்துவரும் ஒரு கிராபிக் டிசைனர் கேட்டிருக்கிறார்: “ஒரு நிறுவனம் மூன்று லோகோ மாதிரி செய்து காட்டச் சொல்கிறது. பிடித்தால்தான் பணமாம். இந்த மாதிரி தொல்லைகளுக்கு டிசைனர் சங்கத்தில் சேர்வது நல்லது என்கிறார் நண்பர். சந்தா கட்டிச் சேர்ந்தால் வேலை வருமா? வராது என்றால் சேர்ந்து என்ன பயன்?”

வேலை வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த எதிர்பார்ப்போடு சேர்பவர்கள்தான் ஒரே வருடத்தில் விலகிப்போகிறார்கள். உறுப்பினர் பட்டியலில் பெயரைப் பார்த்து எப்போதாவது ஒருவர் கூப்பிடலாம். அதை நம்பிச் சந்தா கட்டக் கூடாது. ஆனால் கேள்வியின் முதல் பாதியில் ஒரு மூன்று லோகோ விவகாரம் இருக்கிறதே, அதற்குச் சங்கத்திடம் நிறையவே பதில் இருக்கிறது.

தனியாக வேலை செய்யும் டிசைனருக்கு உள்ள பெரிய பலவீனம், அவர் சொல்வதெல்லாம் அவருடைய சொந்த விருப்பம்போலத் தெரிவது. “இரண்டு தடவைக்கு மேல் திருத்தினால் தனிக் கட்டணம்” என்று நீங்கள் சொன்னால் கறாரான ஆள் என்பார்கள். அதே வரி ஒரு தொழில் சங்கம் வெளியிட்ட ஒப்பந்தப் படிவத்தில் இருந்தால், வாடிக்கையாளர் பெரும்பாலும் பேசாமல் கையெழுத்துப் போடுவார். இந்தத் தொழிலில் இதுதான் வழக்கம் என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது. தனியாள் சொல்லை ஒரு தொழிலின் சொல்லாக மாற்றுவதுதான் சங்கம் செய்யும் வேலைகளில் முக்கால்வாசி. மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

எனக்கு இது புரிந்த விதத்தைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்து நான்காவது வருடம். ஒரு நிறுவனத்துக்கு 48 பக்க கேட்லாக். பக்க அமைப்பை ஒப்புக்கொண்டு மின்னஞ்சல் அனுப்பினார்கள், ஏழு முறை திருத்தினார்கள், அப்புறம் ஒருநாள் “எங்கள் திட்டம் மாறிவிட்டது, இனித் தேவைப்படாது” என்று இரண்டு வரி வந்தது. கையில் இருந்தது சிறிய அட்வான்ஸ் மட்டும். பல வருடம் சங்கத்தில் இருந்த ஒரு மூத்த டிசைனரிடம் போய்ப் புலம்பினேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “கொட்டேஷனைக் காட்டுங்கள்” என்றார். ஒரே பக்கம்; வேலையின் பெயர், கீழே மொத்தத் தொகை, அவ்வளவுதான். பென்சிலை எடுத்து ஓரத்தில் மூன்று கேள்வி எழுதினார். திருத்தம் எத்தனை தடவை? நடுவில் நின்றால் எவ்வளவு? உரிமை எப்போது கைமாறும்? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. பிறகு மேசை டிராயரிலிருந்து தன் சங்கத்தின் மாதிரி ஒப்பந்தத்தை எடுத்துக் கொடுத்தார். அந்த மூன்று கேள்விக்கும் அதில் தனித்தனிப் பத்தி இருந்தது. அந்தத் தாள் மட்டும் முன்பே என்னிடம் இருந்திருந்தால், பாதிப் பணத்துக்கு மேல் எனக்குச் சேர்ந்திருக்கும்.

ஆகவே, எந்தச் சங்கமாக இருந்தாலும் முதலில் அதன் மாதிரி ஒப்பந்தத்தைத்தான் தேடிப் படிக்க வேண்டும் என்பேன். 1914-ல் நியூயார்க்கில் தொடங்கிய அமெரிக்க வரைகலைக் கழகம், சுருக்கமாக ஏஐஜிஏ, வடிவமைப்பு வேலைக்கென ஒரு பொது ஒப்பந்தப் படிவத்தை வெளியிட்டிருக்கிறது. எல்லாருக்கும் பொதுவான நிபந்தனைகள் ஒரு பகுதி, பதிப்புரிமையை எந்த அளவுக்குக் கொடுக்கிறோம் என்பது இன்னொரு பகுதி, அச்சு வேலைக்கும் திரை வேலைக்கும் தனித்தனி இணைப்புகள் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியதை எடுத்துக் கோத்துக்கொள்ளலாம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அப்படியே பயன்படுத்தக் கூடாது. உங்கள் நாட்டு வழக்கறிஞர் ஒருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனாலும் ஒரு நல்ல ஒப்பந்தம் எந்தெந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்பதை அதைப் படித்தே கற்றுக்கொள்ளலாம்.

அப்படிப்பட்ட படிவங்களில் நான் உயிராக மதிக்கும் ஒரு பத்தி உண்டு: முழுத் தொகையும் வந்துசேர்ந்த பிறகே உரிமை வாடிக்கையாளருக்கு மாறும். பார்க்கச் சின்ன வரி. இது இல்லாவிட்டால், பணம் தராமலே லோகோவைப் பலகையில் ஏற்றிவிட்டவரிடம் நீங்கள் கெஞ்சிக்கொண்டிருப்பீர்கள். இது இருந்தால், அவர் அனுமதியில்லாமல் உங்கள் படைப்பைப் பயன்படுத்துகிறார் என்று ஒரே கடிதத்தில் சொல்லிவிடலாம். இரண்டாவதாக, திறந்த ஃபைலை, அதாவது யாரும் மாற்றியமைக்கக்கூடிய மூல ஃபைலை, தருவதும் இறுதி ஃபைலைத் தருவதும் வேறு வேறு என்று எழுதி வைப்பது. மூன்றாவதாக எழுத்துரு. ஒரு புத்தக அட்டைக்கு நீங்கள் வாங்கிய எழுத்துருவின் உரிமம் உங்கள் கணினிக்கானது. ஃபைலோடு சேர்த்து அதையும் வாடிக்கையாளருக்கு அனுப்பினால் உரிமத்தை மீறுவது நீங்கள்தான். இதைக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லவில்லை. சங்கக் கூட்டம் ஒன்றில்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்து காசு விஷயம். எவ்வளவு கேட்பது என்பதை டிசைனர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. புதிதாக வருபவர் குத்துமதிப்பாக ஒரு தொகை சொல்கிறார். அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கிறது. இந்த இருட்டைப் போக்கத்தான் 1967-ல் தொடங்கிய கிராபிக் ஆர்ட்டிஸ்ட்ஸ் கில்ட் என்ற அமெரிக்க அமைப்பு, 1973-ல் விலையும் தொழில் நெறியும் பற்றிய கையேட்டின் முதல் பதிப்பைக் கொண்டுவந்தது. இன்றுவரை புதிய பதிப்புகள் வருகின்றன. இன்ன வகை வேலைக்கு வழக்கத்தில் என்ன கட்டணம் வாங்குகிறார்கள், எந்தப் பயன்பாட்டுக்கு எந்த உரிமை, நியாயமான நிபந்தனை எது என்று அதில் விவரமாக இருக்கிறது.

இங்கே பலர் கோபமாகக் கேட்பதுண்டு: சங்கமே குறைந்தபட்சக் கட்டணத்தை நிர்ணயித்து, அதற்குக் கீழே யாரும் வாங்கக் கூடாது என்று விதி போட்டால் என்ன? நல்ல எண்ணம்தான். ஆனால் பல நாடுகளில் அது சட்டவிரோதம். சுயதொழில் செய்பவர்கள் ஒவ்வொருவரும் சட்டத்தின் பார்வையில் ஒரு வியாபாரம். வியாபாரிகள் கூடி விலை பேசி வைத்துக்கொள்வதைப் போட்டிச் சட்டம் அனுமதிக்காது. அமெரிக்காவில் பொறியாளர் சங்கம் ஒன்று, தன் உறுப்பினர்கள் விலைப் போட்டியில் இறங்கக் கூடாது என்று விதி வைத்திருந்தது. 1978-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாதென்றது. டிசைனர் சங்கங்கள் “இவ்வளவு வாங்கு” என்று சொல்லாமல் “இவ்வளவு வாங்குகிறார்கள்” என்று கணக்கெடுத்துச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். ஜெர்மனியில் வேறு மாதிரி ஏற்பாடு. அங்கே டிசைனர்களின் கூட்டமைப்பான ஏஜிடி, டிசைன் நிறுவனங்களின் சங்கத்தோடு ஒரு கட்டண ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது. அதில் வரைவதற்கு ஆகும் நேரம் ஒரு கணக்கு, அதை எங்கே, எவ்வளவு காலம், எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்ற உரிமை இன்னொரு கணக்கு. இந்தப் பிரிவினை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு சின்னக் கடைக்கு வரைந்த படமும், உலகம் முழுக்க விற்கும் பொருளுக்கு வரைந்த படமும் ஒரே நேரத்தில் முடிந்திருக்கலாம்; விலை ஒன்றாக இருக்க நியாயமில்லை. வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் இதை ஐந்து நிமிடத்தில் புரியவைத்துவிடலாம்.

இனி உங்கள் மூன்று லோகோ. வேலை உறுதியாகும் முன்பே, பணம் பேசாமல் செய்து காட்டுவதை ஸ்பெக் வேலை என்கிறார்கள். இதை ஏஐஜிஏ உள்ளிட்ட பல சங்கங்கள் வெளிப்படையாகவே எதிர்க்கின்றன. அவர்கள் சொல்லும் காரணம் டிசைனரின் பணத்தோடு முடிவதில்லை என்பதைக் கவனியுங்கள். லோகோ வேலையில் வரைவது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் அந்த நிறுவனம் யாரிடம் பேசுகிறது, எங்கெல்லாம் அந்தச் சின்னம் போய் உட்காரும், போட்டியாளர்கள் எந்த நிறத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தோண்ட வேண்டும். பணம் வருமா என்றே தெரியாத வேலைக்கு யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். ஆகவே வாடிக்கையாளருக்குக் கிடைப்பது மேலோட்டமான மூன்று படம். சில சமயம் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதாகவும் இருக்கும், வழக்கு வரும்போதுதான் தெரியும். நஷ்டம் இரண்டு பக்கமும். இந்த வாதத்தை நீங்கள் சொன்னால் சுயநலமாகக் கேட்கும்; சங்கத்தின் அறிக்கையாக நீட்டினால் படித்துப் பார்ப்பார்கள். நான் நீட்டியிருக்கிறேன். மூன்றில் ஒருவராவது மனம் மாறியிருக்கிறார்கள். மாறாதவர்களிடமிருந்து விலகியதில் எனக்கு ஒரு குறையும் வரவில்லை.

தகுதிச் சான்று இன்னொரு பெரிய விஷயம். மருத்துவரும் வழக்கறிஞரும் உரிமம் இல்லாமல் தொழில் செய்ய முடியாது. மென்பொருள் ஒன்றை வாங்கிய எவரும் டிசைனர் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம். இதை மாற்ற சில இடங்களில் சங்கங்கள் முயன்று வென்றிருக்கின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1996-ல் வந்த ஒரு சட்டம், பதிவு பெற்ற கிராபிக் டிசைனர் என்ற பட்டத்தை அந்த மாகாணத்தின் டிசைனர் சங்கத்தில் தகுதி பெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்றது. பிரிட்டனில் 1930-ல் தொழில்துறைக் கலைஞர்களின் சங்கமாகத் தொடங்கிய அமைப்பு 1976-ல் அரச சாசனம் என்ற முறையான அங்கீகாரத்தைப் பெற்றது. இன்று அது சார்ட்டர்டு டிசைனர்கள் சங்கம். சான்று இல்லாதவர் வேலையே செய்யக் கூடாது என்று இவை சொல்லவில்லை, சொல்லவும் கூடாது என்பது என் கருத்து. பிரமாதமான டிசைனர்களில் பலர் எந்தப் பள்ளியிலும் படிக்காதவர்கள். ஆனால் அரசு அலுவலகமோ பெரிய நிறுவனமோ ஆள் தேடும்போது, பட்டத்துக்கு ஒரு பொருள் இருப்பது எல்லாருக்கும் நல்லது.

அந்தச் சான்றைவிட, அதற்காக நடக்கும் போர்ட்ஃபோலியோ பரிசீலனைதான் என்னை உருவாக்கியது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மூத்தவர், இந்தப் பக்கம் நான், நடுவில் என் பன்னிரண்டு வேலைகள். என் பெருமைக்குரிய லோகோப் பக்கத்தை எடுத்துக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, கண்ணைப் பாதி மூடிப் பார்த்தார். “இதை நகத்தளவுக்குச் சுருக்கிப் பார்த்தீர்களா?” என்றார். பார்க்கவில்லை. நோட்டின் ஓரத்தில் அந்தச் சின்னத்தைக் குட்டியாக வரைந்து காட்டினார். உள்ளே இருந்த இரண்டு மெல்லிய கோடுகள் ஒட்டிக்கொண்டு ஒரு கறைபோல ஆகிவிட்டன. அப்புறம் ஒரு புத்தக அட்டை. “எழுத்து அழகாக இருக்கிறது. ஆனால் தலைப்பைவிட ஆசிரியர் பெயர் முதலில் கண்ணில் படுகிறது. வேண்டுமென்றே செய்ததா?” இல்லை, தானாக நடந்தது. இருபது நிமிடம்தான். வாடிக்கையாளர் இந்தக் கேள்வியெல்லாம் கேட்க மாட்டார்; அவருக்குப் பிடித்ததா இல்லையா என்பதோடு முடித்துவிடுவார். நண்பர்கள் மனம் நோகும் என்று சொல்ல மாட்டார்கள். தனியாக வேலை செய்பவருக்கு இப்படிப்பட்ட கண்கள் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. அச்செழுத்து வடிவமைப்பில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு, 1928-ல் பிரிட்டனில் தோன்றிய பன்னாட்டு அச்செழுத்து வடிவமைப்பாளர் சங்கம் நடத்தும் மாணவர் மதிப்பீட்டை நிச்சயம் பரிந்துரைப்பேன். கொடுத்த தலைப்புக்கு வேலையைச் செய்து, ஏன் அப்படிச் செய்தோம் என்ற விளக்கத்தோடு அனுப்ப வேண்டும், தேறினால் உறுப்பினராகலாம்.

விருதுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லண்டனில் 1962-ல் தொடங்கிய டி அண்ட் ஏடி என்ற டிசைன், விளம்பரத் துறை அமைப்பின் பென்சில் விருதுகள் மிகப் புகழ்பெற்றவை. கிடைத்தால் கதவு திறக்கும். பல போட்டிகளில் நுழைவுக் கட்டணம் உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், முதல் சில வருடம் அந்தக் காசை வேறு எதற்காவது செலவிடுங்கள்.

சங்கம் என்றால் உறுப்பினரின் பிரச்சினைகளை மட்டும் பேசும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். தனியொரு டிசைனரால் ஒருபோதும் செய்ய முடியாத வேலைகளைச் சங்கங்கள் செய்திருக்கின்றன. 1970-களில் அமெரிக்காவில் ஒவ்வொரு விமான நிலையமும் ஒவ்வொரு விதமான குறியீடு வைத்திருந்தது. போக்குவரத்துத் துறை ஏஐஜிஏவிடம் வந்தது. ஐந்து டிசைனர்கள் கொண்ட குழு அமைந்தது. விமான நிலையங்கள், ரயில் நிலையங்கள், ஒலிம்பிக் போட்டிகள் என்று உலகெங்கும் புழங்கிய குறியீடுகளைத் திரட்டி வைத்து மூன்று கோணத்தில் மதிப்பிட்டார்கள். பார்த்ததும் பொருள் விளங்குகிறதா, மற்ற குறியீடுகளோடு ஒரே குடும்பமாகச் சேர்கிறதா, தூரத்திலிருந்தும் மங்கிய வெளிச்சத்திலும் தெரிகிறதா. அந்த முடிவுகளை வைத்து குக் அண்ட் ஷனோஸ்கி என்ற ஸ்டூடியோ வரைந்த 34 குறியீடுகள் 1974-ல் வெளியாயின. 1979-ல் இன்னும் 16 சேர்ந்து மொத்தம் 50. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். கழிப்பறைக் கதவில் காணும் அந்த ஆண், பெண் உருவங்கள், லிஃப்ட், பயணப்பெட்டி, டாக்ஸி எல்லாம் அந்த வரிசையில் உண்டு. மொழி தெரியாத ஊரில் இறங்கும் ஒரு பயணிக்கு அவை செய்யும் உதவியை நினைக்கும்போதெல்லாம் இந்தத் தொழிலில் இருப்பதற்குப் பெருமைப்படுகிறேன்.

ஜப்பானின் கிராபிக் டிசைனர் சங்கமான ஜாக்டா 1978-ல் தோன்றியது. 1964 டோக்கியோ ஒலிம்பிக் சின்னத்தை வரைந்த யூசாகு காமெகுராதான் அதன் முதல் தலைவர். ஹிரோஷிமாவின் அமைதிக் குரலை உலகுக்குச் சொல்ல 1983-ல் அந்தச் சங்கம் ஒரு போஸ்டர் வரிசை தொடங்கியது. முதல் போஸ்டர் காமெகுராவுடையது: எரிந்துகொண்டே கீழே விழும் வண்ணத்துப்பூச்சிகள். ஒரு தொழில் சங்கம் இப்படியும் பேசலாம்.

சட்டசபை வரை போகும் வேலையும் சங்கத்தினுடையதுதான். திருடப்பட்ட ஒரு படத்துக்காக வழக்குப் போட்டால், வழக்கறிஞர் கட்டணம் படத்தின் விலையைவிடப் பல மடங்கு ஆகிவிடும். அதனாலேயே பெரும்பாலானோர் விட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் இதற்காகச் சிறு வழக்குகளுக்கென ஓர் அமைப்பு வேண்டும் என்று கிராபிக் ஆர்ட்டிஸ்ட்ஸ் கில்ட் போன்ற அமைப்புகள் குரல் கொடுத்துவந்தன. 2020 டிசம்பரில் சட்டம் வந்தது, 2022-ல் பதிப்புரிமைக் கோரிக்கை வாரியம் செயல்படத் தொடங்கியது. வழக்கறிஞர் இல்லாமலே 30,000 டாலர் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். எதிர்த்தரப்பு பங்கேற்க மறுக்கலாம் என்ற ஓட்டை அதில் உண்டு. இருந்தாலும் முன்பு இருந்ததைவிட எவ்வளவோ மேல். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. நம் படைப்புகளைக் கேட்காமல் கொள்ளாமல் அள்ளிப் பயிற்சி கொடுக்கலாமா என்று 2023-ல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. பத்தாயிரத்துக்கும் மேல் வந்து குவிந்தன. அந்தக் குவியலில் தனியொருவர் கடிதம் ஒரு கடிதம் மட்டுமே. ஆயிரம் பேர் சார்பில் ஒரு சங்கம் எழுதுவதை அலுவலகம் வேறு கண்ணால் பார்க்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பல சங்கங்கள் வேலை முடிந்த பிறகு நேரம் ஒதுக்கும் தன்னார்வலர்களால் ஓடுகின்றன. உங்கள் மின்னஞ்சலுக்கு மூன்று வாரம் கழித்துப் பதில் வரலாம். பணம் தராத வாடிக்கையாளர் வீட்டு வாசலில் அவர்கள் வந்து நிற்க மாட்டார்கள். சில இடங்களில் பெரிய ஸ்டூடியோக்காரர்களே மேடையில் உட்கார்ந்து, அவர்களே அவர்களுக்கு விருது கொடுத்துக்கொள்வார்கள். தனியாக வேலை செய்பவர் அங்கே போனால் அந்நியமாகத்தான் உணர்வார். அப்படிப்பட்ட இடத்தில் சந்தா கட்டாதீர்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது? மாதிரி ஒப்பந்தமும் நடத்தை விதிகளும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நிர்வாகக் குழுவில் உங்களைப்போல் தனியாகத் தொழில் செய்பவர் ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். ஒரு கூட்டத்துக்கு விருந்தினராகப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். அங்கே ஒரு புதியவர் தன் தோல்வியை எழுந்து நின்று சொல்ல முடிகிறதென்றால் அது நல்ல சங்கம். மாணவர்களுக்கும் தொழிலுக்குப் புதியவர்களுக்கும் பல சங்கங்கள் குறைந்த சந்தா வைத்திருக்கின்றன, அதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பகுதியில் சங்கமே இல்லையா? இலவசமாகக் கிடைக்கும் படிவங்களிலிருந்து தொடங்குங்கள், இன்னும் நான்கு டிசைனர்களைக் கூட்டி மாதம் ஒருமுறை ஒருவர் வேலையை மற்றவர் பாருங்கள். பெரிய சங்கங்களில் பல இப்படித்தான் பிறந்தன.

சரி, அந்த நிறுவனம் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறது. நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“உங்களுக்கு லோகோ செய்ய ஆர்வமாக இருக்கிறேன். கட்டணம் பேசாமல் மாதிரி வரைந்து காட்டுவது எங்கள் தொழிலில் ஏற்கப்பட்ட முறை இல்லை. உங்கள் தொழிலையும் வாடிக்கையாளர்களையும் தெரிந்துகொள்ளாமல் வரையும் சின்னம் உங்களுக்கும் உதவாது. என் திறமையை எடைபோட, இதேபோன்ற மூன்று பழைய வேலைகளை இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் எந்தச் சிக்கலில் தொடங்கி எப்படி முடிந்தது என்ற குறிப்பும் உண்டு. விருப்பமிருந்தால், ஆய்வும் முதல் கட்ட வரைவுகளும் மட்டும் அடங்கிய சிறிய கட்டத்தோடு தொடங்கலாம். அதற்குத் தனிக் கட்டணம். பிடிக்காவிட்டால் அந்தக் கட்டத்தோடு நிறுத்திக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு.”

சங்கத்தில் சேர்ந்துவிட்டால், அதன் நடத்தை விதியில் இதற்கான பத்தியையும் கூடவே இணைத்து அனுப்புங்கள். அவர்கள் ஒத்துக்கொண்டால், முதல் கட்டத்துக்கான தொகை வந்துசேர்ந்த பிறகு பென்சிலை எடுங்கள்.